கர்ப்ப காலத்தில் ராத்திரி மரத்துப்போகும் கை: மணிக்கட்டுக்குள் என்ன நடக்கிறது?

வளைகாப்பு முடிந்து நாலாவது நாள், ராத்திரி இரண்டரை மணி இருக்கும். வலது கைதான் என்னை எழுப்பியது. கட்டைவிரலில் இருந்து நடுவிரல் வரை மதமதவென்று மரத்து, உள்ளே ஆயிரம் ஊசி ஒன்றாகக் குத்துவது போல ஒரு குடைச்சல், முழங்கை வரை ஏறியது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினேன். இரண்டு கையிலும் நிறைந்திருந்த கண்ணாடி வளையல் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருந்த அம்மா விழித்துக்கொண்டாள். "என்னடி ஆச்சு?" என்றாள். சொன்னேன். "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும், நீர் கோத்திருக்கும், புள்ள பொறந்தா சரியாப் போயிடும், பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கையைத் தடவிக்கொடுத்தபடியே தூங்கிப்போனாள்.

அம்மா சொன்னதில் நீர் கோத்திருப்பது உண்மை. பிள்ளை பிறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். அந்த "பொறுத்துக்கோ"தான் எனக்கு உடன்பாடில்லாத இடம். ஏழாம் மாதத்தில் ஆரம்பித்தால் பிரசவத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அத்தனை ராத்திரியும் ஒருத்தி தூக்கம் கெட்டுக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் இதற்குப் பெயர் இருக்கிறது, காரணம் தெரியும், சில நூறு ரூபாயில் கிடைக்கும், மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டையே பாதிப் பேருக்கு மேல் தூக்கத்தைத் திருப்பித் தந்துவிடக் கூடிய விஷயம் இது.

பெயர், கார்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கம் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது. அடியிலும் பக்கவாட்டிலும் எட்டுச் சிறிய எலும்புகள் வளைந்து தொட்டி போல நிற்க, மேலே ஒரு தடித்த தசைநார் கூரை போட்டது மாதிரி இழுத்து மூடியிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் நரம்பும் உள்ளங்கைக்குள் போகின்றன. எலும்பு விரியாது, கூரையும் நெகிழாது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் அழுத்தம் போய்ச் சேர்வது நரம்பின் மேல்தான், நாண் தாங்கிக்கொள்ளும், நரம்பு தாங்காது.

கர்ப்ப காலத்தில் அந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது? ரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டுமே 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. குழந்தை, பனிக்குட நீர், திசுக்களுக்குள் தங்குவது எல்லாம் சேர்த்தால் பிரசவ நேரத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் 6 முதல் 8 லிட்டர் வரை கூடுதல் நீர் இருக்கும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதே, அந்த நீர் காலோடு நிற்பதில்லை. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நாண்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையிலும் அதே நீர் ஊறுகிறது. காலில் வந்தால் செருப்பு இறுகும், அவ்வளவுதான். கையில் விரிவதற்கு இடமில்லாத இடத்தில் வருவதால் நரம்பு நசுங்குகிறது. அதனால்தான் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், பலருக்கு இரண்டு கையிலும் சேர்ந்தே வருகிறது. ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

சரி, பகலெல்லாம் ஓரளவு சும்மா இருந்துவிட்டு ராத்திரி ஏன் இப்படிப் படுத்துகிறது? பகலில் நின்று நடமாடும்போது நீர் காலில் இறங்கி நிற்கிறது, படுத்ததும் அது உடம்பு முழுக்கப் பரவி மேலேயும் வருகிறது என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். கன்னத்துக்கு அடியில் வைப்போம், தலையணைக்குக் கீழே செருகுவோம், நெஞ்சோடு சேர்த்துச் சுருட்டிக்கொள்வோம். 1981 இல் அமெரிக்காவில் கெல்பர்மன் என்ற அறுவை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் சுரங்கத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்து பார்த்தார்கள். நோய் இல்லாதவர்களின் கையில் சராசரி 2.5 மி.மீ. பாதரசம், கார்பல் டனல் நோயாளிகளிடம் 32. அதே நோயாளி மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கியபோது 94, வெளிப்பக்கம் வளைத்தபோது 110. அழுத்தம் 30ஐ ஒட்டினாலே நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைபட ஆரம்பித்துவிடும். அப்படியானால் 94 இல் இரண்டு மணி நேரம் தூங்கினால் நரம்பு என்ன பாடு படும் என்று நினைத்துப் பாருங்கள். கையை உதறினால் சரியாவதும் இதனால்தான், மடங்கியிருந்த மணிக்கட்டு நேராகிறது, ரத்தம் திரும்ப ஓடுகிறது. இந்த உதறல் மருத்துவர்களுக்கு ஒரு முக்கியமான தடயம், "ராத்திரி முழிப்பு வரும்போது என்ன செய்வீங்க?" என்று கேட்டு, பதிலுக்கு நாம் கையை உதறிக் காட்டினாலே அவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

கார்பல் டனலில் எல்லா விரலும் மரப்பதில்லை. மீடியன் நரம்பு உணர்வு கொடுப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் சரிபாதி. சுண்டுவிரல் வேறொரு நரம்பின் பொறுப்பு, அது இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, வேறு யாரையாவது ஒரு பஞ்சுத் திரியால் மோதிர விரலின் நடுவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். என் தங்கை தொட்டபோது ஒரே விரலின் ஒரு பக்கம் திரி ஊர்வது துல்லியமாகத் தெரிந்தது, இன்னொரு பக்கம் துணிக்கு மேல் தொடுவது போல மந்தமாக இருந்தது. கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும், ஆனால் ஒரு விரலுக்குள்ளேயே இப்படி எல்லை பிரிந்து கிடப்பது அதில் வழக்கமாக வராது. இன்னொரு சோதனை, கும்பிடுவதற்கு நேர்மாறாக இரண்டு புறங்கைகளையும் ஒட்டி வைத்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம் பிடித்திருப்பது. ஃபேலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1950களில் பரவலாக்கிய சோதனை இது. அந்த ஒரு நிமிடத்துக்குள் அந்தக் குறிப்பிட்ட விரல்கள் மரக்க ஆரம்பித்தால் சந்தேகம் வலுக்கும். மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்றில்லை, ஆனால் அங்கே போய் "கை வலிக்குது டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதற்கும், எந்த விரல், எந்த நேரம் என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பரிசோதனை நாளில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வரிசையில் நாற்பது பேர் இருப்பார்கள், எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு, ரிப்போர்ட், அவ்வளவோடு முடிந்துவிடும். என் முதல் புகாருக்குக் கிடைத்தது ஒரு கால்சியம் மாத்திரைச் சீட்டு. அடுத்த முறை போனபோது ஒரே வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன்: "மூணு வாரமா ரெண்டு கையிலயும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரி மரத்துப்போகுது, தினம் மூணு தடவை எழுந்திருக்கிறேன், உதறினா சரியாகுது, சுண்டுவிரல் நல்லா இருக்கு." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணம், கை மரப்பதற்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம். சர்க்கரை கூடியிருந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும் கார்பல் டனல் வருவதற்கான வாய்ப்பு அதிகம். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள், 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. அந்தப் பரிசோதனையை ஏதோ காரணத்தால் தவறவிட்டிருந்தால், கை மரக்கும்போது கண்டிப்பாகக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தைராய்டு ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

அதைவிட அவசரமான ஒன்று ரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பிறகு திடீரென்று முகமும் கையும் உப்பிப்போவது, விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது அல்லது பார்வை மங்குவது, மேல் வயிற்றில் வலி, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் அது மணிக்கட்டுப் பிரச்சினை கிடையாது. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ப்ரீ எக்லாம்ப்சியா எனும் கர்ப்ப கால ரத்த அழுத்த நோயா என்று உடனே பார்க்க வேண்டும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தானது. ராத்திரியாக இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் 108ஐ அழையுங்கள். கையில் நீர் கோத்திருப்பது சாதாரணம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, இந்த வீக்கத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஆபத்து எதுவும் இல்லை, வெறும் கார்பல் டனல்தான் என்று தெரிந்துவிட்டால், முதல் வேலை ராத்திரி மணிக்கட்டை நேராக வைத்திருப்பது. அதற்குத்தான் பட்டை. மருந்துக் கடையிலும் எலும்பு மருத்துவமனைக்குப் பக்கத்துக் கடைகளிலும் ரிஸ்ட் ஸ்ப்ளின்ட் என்று கேட்டால் கிடைக்கும், சில கடைகளில் காக்-அப் ஸ்ப்ளின்ட் என்பார்கள். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அதன் உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு பை மாதிரி தைத்து, உள்ளே ஒரு அலுமினியத் தகடு செருகியிருப்பார்கள். பல பட்டைகளில் அந்தத் தகடு மேல்நோக்கி நன்றாக வளைந்திருக்கும், கை புறங்கைப் பக்கம் தூக்கி நிற்கும்படி. எலும்பு முறிவுக்கும் வேறு சில தொல்லைகளுக்கும் அது சரி, நமக்கு அது சரிப்படாது. வெளிப்பக்கம் வளைத்தால் அழுத்தம் 110 என்று மேலே பார்த்தோமே. தகட்டை உருவி எடுத்து, மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்தி ஏறக்குறைய நேராக்கித் திரும்பச் செருகுங்கள். நான் முதல் இரண்டு ராத்திரி அப்படியே வளைவோடு போட்டுக்கொண்டு, இன்னும் மோசமாகிவிட்டது என்று கழற்றி வீசிவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் ஒரே நிமிடத்தில் தகட்டை நேராக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் மூன்றாவது ராத்திரி, விடிந்த பிறகுதான் எழுந்தேன்.

இறுக்கமும் முக்கியம். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். முன்பக்கம் உள்ளங்கையின் மேல் ரேகைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும், விரல்களைத் தடையில்லாமல் மடக்க முடியணும். ராத்திரி வீக்கம் கூடும் என்பதால் கட்டும்போதே கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு உள்ளே வியர்த்துக் கொட்டி அரிப்பெடுக்கும், ஒரு பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி, கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு உள்ளே மாட்டிக்கொண்டால் தாங்கலாம், தினமும் துவைத்தும் போடலாம். இரண்டு கையும் மரக்கிறவர்கள் இரண்டுக்கும் போடலாம், ஆனால் ராத்திரி பாத்ரூம் போக நாலு தடவை எழ வேண்டிய மாதத்தில் இரண்டு பட்டையோடு திண்டாடுவது கஷ்டம், மோசமான கையில் ஆரம்பித்துப் பாருங்கள். பட்டை வாங்கும் வரை ஒன்றிரண்டு நாளுக்கு, ஒரு கெட்டியான துண்டை நீளவாக்கில் மடித்து முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டாலும் கை மடங்காமல் இருக்கும். பகல் முழுக்கப் பட்டையோடு இருக்கத் தேவையில்லை. அப்படி இருந்தால் கை அசைவு குறைந்து விறைத்துப்போகும். வண்டி ஓட்டும்போதோ நீண்ட நேரம் ஒரே வேலை செய்யும்போதோ போட்டால் போதும்.

இப்போது வளையல் விஷயம். வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று நிறைய வீடுகளில் வழக்கம். எனக்கும் அந்த வளையல்கள் மேல் ஆசை உண்டு, அந்தச் சத்தம் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்று பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஏழாம் மாதத்துக் கைக்கு ஏற்ற அளவில் போட்டது ஒன்பதாம் மாதம் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது, வளையலுக்கு மேல் பட்டையும் கட்ட முடியாது. நல்ல நாளில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு கைக்கு ஒன்றிரண்டு மட்டும் நிறுத்தி மற்றதைக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒத்துக்கொள்ள மூன்று நாள் ஆனது, கடைசியில் மாமியார்தான் "புள்ளத்தாச்சி தூங்கணும், அதைவிட என்ன" என்று கழற்றிவிட்டார். இறுகிவிட்டால் வளையல்காரர் செய்வது போலவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டி அதன் மேல் எண்ணெய் தடவி உருவினால் வழுக்கிக்கொண்டு வரும். மோதிரத்தையும் ஆறாம் மாதத்திலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. மாட்டிக்கொண்டால் கையைத் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் தூக்கி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்புப் போட்டு முயலுங்கள். விரல் நீலமானால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அங்கே மோதிரத்தை வெட்டும் கருவி இருக்கும்.

படுக்கையில் இன்னொரு சிக்கல். இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று சொல்லியிருப்பார்கள், அது சரியான யோசனைதான். ஆனால் அப்படிப் படுக்கும்போது இடது கை தலைக்கடியில் போய் மடங்கி, உடம்பின் பாரமும் அதன் மேல் சேர்ந்துவிடுகிறது. வயிற்றுக்கு ஒரு தலையணை வைப்பது போலவே நெஞ்சுக்கு முன்னால் இன்னொன்று வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் வேலையைப் பற்றிச் சொல்வதென்றால், மணிக்கட்டை மடக்கி இறுக்கிப் பிடிக்கும் வேலை எல்லாமே ராத்திரிக் கணக்கில் வந்து சேர்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது, கிரைண்டரில் மாவு வழிப்பது, படுத்துக்கொண்டே ஒரு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பது. இவற்றில் சிலவற்றை வேறு ஆள் செய்யலாம், சிலவற்றை வேறு மாதிரி செய்யலாம், துணியை முறுக்காமல் அப்படியே வடியவிடலாம், தேங்காயைக் கீறி மிக்ஸியில் போடலாம். கூலி வேலையில் இருக்கும் பெண்களுக்கு இது இவ்வளவு சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்கச் சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டும் பெண்ணும், தென்காசிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கைக் கூலிக்குப் பீடி சுற்றும் பெண்ணும் விரலையும் மணிக்கட்டையும் நிறுத்தினால் கூலி நிற்கும். அவர்களிடம் ஓய்வெடு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை ஒரே நிமிடம் கையை நீட்டி விரல்களை விரித்து மடக்குவது, வெட்டும் வேலையில் இருந்து சில வாரம் மடிப்புக்கோ சீட்டு ஒட்டவோ மாற்றிக் கேட்பது, ராத்திரி பட்டையை விடாமல் போடுவது, இந்த மூன்றையாவது செய்ய முடிந்தால் பலன் இருக்கும்.

மருந்து என்று வரும்போது நம் வீடுகளில் அவசரம் அதிகம். வலி என்றதும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுகிறோம். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2020 இல் எச்சரித்தது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீர் குறையலாம் என்பதால். மேலே தடவும் ஜெல்லில் பலவற்றிலும் இதே டைக்ளோஃபெனாக்தான் இருக்கிறது, தடவுவதுதானே என்று நினைக்காமல் கேட்டுவிட்டுத் தடவுங்கள். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு என்று உங்கள் மருத்துவரே சொல்வார். அப்புறம் இந்த நரம்புச் சத்து ஊசி, மாத்திரை. மரத்துப்போகிறது என்றாலே பி6 கலந்த மாத்திரையைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. கார்பல் டனலுக்கு அது பலன் தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். நீர் பிரிய மாத்திரை கேட்பதும் வேண்டாம், கர்ப்ப கால வீக்கத்துக்கு அது வைத்தியம் இல்லை.

வீட்டு வைத்தியத்தில் பார்லி கஞ்சி குடிப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பிடித்தால் குடியுங்கள், ஆனால் அது மணிக்கட்டுச் சுரங்கத்தைத் திறந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனி குறைத்தால் போதும், உப்பே இல்லாமல் சாப்பிடுவதும், வீக்கம் என்று பயந்து தண்ணீரைக் குறைப்பதும் தவறு. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், முழங்கைப் பக்கம் மெதுவாக நீவிவிடலாம். மணிக்கட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தி "நரம்பை எடுத்து விடுகிறேன்" என்று யாராவது வந்தால் கையைக் கொடுக்காதீர்கள், ஏற்கனவே நசுங்கிக் கிடக்கும் நரம்பின் மேலேயே அழுத்துகிறார்கள். குளிர்ந்த ஒத்தடம் பத்து நிமிடம் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, மரத்த கைக்கு ஐஸின் குளிர்ச்சி சரியாகத் தெரியாது என்பதால் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும்.

பட்டை போட்டும் குறையாமல் பகலிலும் மரப்பு நிற்காதவர்களுக்கு மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கர்ப்பத்தில் ஸ்டீராய்டா என்று பதறுவது இயல்பு. இது மணிக்கட்டுக்குள் மட்டும் போடும் சிறிய அளவு, தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் கர்ப்ப காலத்திலும் போடுகிறார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சை மிக அரிது, பிரசவம் வரை காத்திருந்தால் பெரும்பாலும் தேவையே இருக்காது. காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் உண்டு. பிளவுஸ் கொக்கி மாட்ட முடியவில்லை, தரையில் விழுந்த நாணயத்தை விரல் நுனியால் எடுக்க முடியவில்லை, பாத்திரம் அடிக்கடி கை நழுவுகிறது, மரப்பு ஒரு நிமிடம்கூட விடுவதில்லை, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு இன்னொரு கையைவிட வற்றித் தட்டையாகத் தெரிகிறது. இது வெறும் உணர்வுக் குறை என்ற கட்டத்தைத் தாண்டித் தசைக்குப் போகும் நரம்பிழைகள் அடிபடுகின்றன என்பதற்கான அறிகுறி. அப்படி வற்றிய தசை முழுசாகத் திரும்பாமலே போகலாம். எனவே உடனே எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போக வேண்டும். நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை சொல்வார்கள், சின்னச் சின்ன மின் அதிர்வுதான், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

பிரசவம் ஆன முதல் வாரத்தில் சேர்ந்த நீர் சிறுநீராகவும் வியர்வையாகவும் வடியத் தொடங்கும். சிசேரியன் ஆகி நிறைய குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் முதல் சில நாள் வீக்கம் கூடக்கூடும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலோ சில மாதத்திலோ மரப்பு விட்டுவிடும். எல்லாருக்கும் முழுசாக விட்டுவிடாது, ஓராண்டு கழித்தும் மிச்சம் வைத்திருப்பவர்கள் உண்டு, சிலருக்குப் பால் கொடுக்கும் காலத்தில்தான் ஆரம்பிக்கவே செய்கிறது. பால் கொடுக்கும்போது பிள்ளையின் தலையை உள்ளங்கையில் ஏந்தி மணிக்கட்டை மடக்கி அரை மணி நேரம் பிடித்திருக்கிறோமே, அதுவும் ஒரு காரணம். மடியில் தலையணை வைத்து, பிள்ளையின் பாரத்தை முன்கையும் தலையணையும் தாங்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இதே சமயத்தில் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் சுரீரென்று வலி வந்தால் அது டி கெர்வெய்ன் எனும் வேறு தொல்லை, அதில் மரப்பு இருக்காது, அதற்குப் போடும் பட்டையும் வேறு, கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும்.

கை மரத்திருக்கும் வரை இரண்டு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். ராத்திரி பிள்ளை அழுததும் தூக்கக் கலக்கத்தில் அப்படியே வாரி எடுக்காமல், முதலில் கையை உதறி, விரல்களை நாலு தடவை மடக்கி நீட்டி, பிடி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு எடுங்கள். குளிப்பாட்டும் வெந்நீரை மரத்த விரலால் பார்க்காதீர்கள், சூடு குறைவாகத்தான் தெரியும். முழங்கையை விட்டுப் பாருங்கள், அல்லது அம்மாவையோ ஆயாவையோ பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு இடது கை பதினைந்தே நாளில் சரியானது, வலது கைக்கு நாலு மாதம் பிடித்தது. மூன்று மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் போய்ப் பார்ப்பது நல்லது, நானும் போனேன், நரம்பு தேறி வருகிறது என்று ரிப்போர்ட் வந்தது, இன்னும் ஆறு வாரம் ராத்திரிப் பட்டை போடச் சொன்னார்கள். அடுத்த பிள்ளைக்கும் இது திரும்ப வரலாம். அதனால் அடுத்த முறை தாய்சேய் அட்டை போடும் முதல் நாளே இதைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பட்டையைத் துவைத்து பீரோவில் வைத்திருந்தேன், தகடு நேராகவே இருக்கிறது. போன மாதம் நாத்தனார் ஆறாம் மாதத்தோடு வந்து கையை உதறிக்கொண்டே பேசினாள், எடுத்துக் கொடுத்தேன்.